2025 மாஸ்டர்ஸ் இறுதிச் சுற்று: நாம் கொண்டாடியது ஆட்டத்தையா, ஆட்டக்காரரையா?

கேள்வி
பதிவிட்டவர்: பின்வரிசை ரசிகர்

அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் 13 அன்று அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் முடிந்த மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பற்றி ரசிகர்கள் எழுதிக் குவித்தவற்றைப் படித்தபின் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். ரோரி மெக்கில்ராய் வெற்றியாளருக்குரிய பச்சை மேலங்கியை அணிந்ததற்கு வருந்துவோர் எவரும் என் கண்ணில் படவில்லை, எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பதிவுகளில் "என்ன அருமையான ஆட்டம்" என்ற வியப்பைவிட, "அப்பாடா, ஒருவழியாக வென்றுவிட்டார்" என்ற பெருமூச்சுதான் மிகுதியாகக் கேட்கிறது.

ஆளை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்ப்போம். 12 அண்டரில் (பார் எனப்படும் நிர்ணயித்த எண்ணிக்கையைவிட 12 ஷாட் குறைவில்), இரண்டு ஷாட் முன்னிலையுடன் தொடங்கியவர் முதல் குழியிலேயே டபுள் போகி (பாரைவிட இரண்டு ஷாட் கூடுதல்) வாங்கினார். இரண்டாம் குழி முடிந்தபோது, உடன் ஆடிய பிரைசன் டிசாம்போ அவரை முந்தியிருந்தார். பிறகு மீண்டு வந்து 10ஆம் குழி முடிவில் 14 அண்டரைத் தொட்டவர், 13ஆம் குழியில், குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் மட்டையால் அடித்த சிறிய ஷாட் ஒன்றை நீரில் போட்டு மீண்டும் டபுள் போகி வாங்கினார். கடைசிக் குழியில் பார் அடித்தாலே பட்டம் என்ற நிலையில், ஐந்தடி தூரப் புட்டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியை) தவறவிட்டார். மொத்தம் 73 ஷாட்டுகள். முதல் நாள் வாங்கிய இரண்டையும் சேர்த்தால் அந்த வாரத்தில் நான்கு டபுள் போகிகள்; அத்தனை டபுள் போகிகளுடன் மாஸ்டர்ஸ் பட்டத்தை அதற்கு முன் எவரும் வென்றதில்லை. மறுபுறம் ஜஸ்டின் ரோஸ், ஏழு ஷாட் பின்தங்கிய நிலையில் அன்றைய நாளைத் தொடங்கி, பத்து பர்டிகளுடன் (ஒவ்வொன்றும் பாரைவிட ஒரு ஷாட் குறைவு) 66 அடித்து, 18ஆம் கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையில்) நீளமான புட் ஒன்றை உள்ளே அனுப்பி, மெக்கில்ராயைப் போலவே 11 அண்டரில் முடித்தார்; பிறகு ஆடிய ஒரு கூடுதல் குழியில் மெக்கில்ராய் வென்றார்.

பெயர்களை மறைத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் இந்த இரண்டு ஸ்கோர் அட்டைகளையும் நீட்டினால் அவர் யாரைப் பாராட்டுவார்? மெக்கில்ராய்க்குப் பதினோரு ஆண்டுக் காத்திருப்பு இல்லாதிருந்தால், நான்கு மேஜர் பட்டங்களையும் (மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன், பிரிட்டனின் ஓபன், பிஜிஏ சாம்பியன்ஷிப்) முழுமையாக்கும் கிராண்ட் ஸ்லாம் கனவு இதில் கலக்காதிருந்தால், இந்த முடிவை இதே அளவு கொண்டாடியிருப்போமா? நான்கு நாள்கள் சமமாக ஆடிய இருவரை ஒரே ஒரு கூடுதல் குழியில் பிரிப்பது முறைதானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். 13ஆம் குழியில் அவர் பாதுகாப்பாக ஆட முயன்றது விவேகமா, அச்சமா? இதில் இதுவரை இருவர் ஒரே கருத்தைச் சொல்லி நான் பார்க்கவில்லை.

மறுமொழி
பதிவிட்டவர்: ஸ்கோர் அட்டை

நல்ல கேள்வி. ஆனால் கேட்ட விதத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. கோல்ஃபில் ஒருவரது ஸ்கோரை மைதானத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. முன்னிலையில் இருப்பவரின் 73ஐயும், ஏழு ஷாட் பின்னால் இருந்துகொண்டு இழக்க எதுவுமில்லை என்று ஆடுபவரின் 66ஐயும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. அதே நாளில் டிசாம்போ 75 அடித்தார் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு குழிகளுக்குப் பின் முன்னிலையில் இருந்த அவர், 3, 4ஆம் குழிகளில் அடுத்தடுத்து போகி (பாரைவிட ஒரு ஷாட் கூடுதல்) வாங்கினார்; அதே இரு குழிகளிலும் மெக்கில்ராய் பர்டி அடித்தார். போட்டி முதன்முதலில் திரும்பியது அங்கேதான்; ஆனால் அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

13ஆம் குழியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இது பார்-5 குழி, அதாவது ஐந்து ஷாட்டில் முடிக்க வேண்டியது. 510 யார்டாக இருந்ததை 2023ஆம் ஆண்டுப் போட்டிக்காக 545 யார்டாக நீட்டினார்கள். இரண்டாவது ஷாட்டிலேயே கிரீனை எட்டிவிடும் எளிமையைக் குறைப்பதே நோக்கம். கிரீனுக்கு முன்னால் ரேஸ் கிரீக்கின் கிளை ஓடை ஓடுகிறது. பின்தங்கியவர்கள் இங்கே துணிந்து அடிப்பார்கள். முன்னிலையில் இருப்பவர் அப்படி அடித்து நீரில் போட்டுவிட்டால், "பாதுகாப்பாக ஆடாமல் விட்டாரே" என்று நாமே வசைபாடியிருப்போம். மெக்கில்ராய் இரண்டாவது ஷாட்டைச் சுருக்கி, ஏறத்தாழ 80 யார்டு தொலைவில் பந்தை நிறுத்திக்கொண்டார். அந்தத் தொலைவிலிருந்து அவரைப் போன்றவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் கிரீனில் விழும் என்று எவரும் சொல்வார்கள். கிரீனின் இடப்பக்கம் அவ்வளவு இடம் திறந்து கிடக்க, பந்து வலப்பக்கமாகப் போய்ச் சரிவில் விழுந்து ஓடைக்குள் உருண்டது. அவர் குனிந்து முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டு நின்ற காட்சியை எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே முடிவெடுத்ததில் குற்றமில்லை. அதைச் செயல்படுத்தியதில்தான் குற்றம். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். முழு வீச்சில் அடிக்கும் ஷாட்டில் பதற்றம் அவ்வளவாக வெளியே தெரியாது. பாதி வேகத்தில், அளந்து அடிக்க வேண்டிய வெட்ஜ் ஷாட்டில்தான் கை தடுமாறும். வேகத்தைச் சற்றே குறைத்தாலும் மட்டையின் முகம் திறந்துகொள்ளும். பந்து வலப்பக்கம் நழுவும். பாதுகாப்பு என்று நினைத்து அவர் தேர்ந்த வழி, அன்றைய மனநிலையில் அவருக்கு மிகக் கடினமான ஷாட்டையே கையில் கொடுத்தது. விவேகமா அச்சமா என்று கேட்டால், விவேகம் என்றே சொல்வேன். ஆனால் அந்த விவேகம் அவருடைய ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை.

பொருந்திய ஆட்டம் எது என்பது இரண்டு குழிகள் கழித்துத் தெரிந்தது. 14ஆம் குழியிலும் போகி வாங்கி முன்னிலையை இழந்துவிட்ட நிலையில், 15ஆம் குழியில் இடப்பக்க மரங்கள் வழியை மறைக்க, 200 யார்டுக்கு மேல் தொலைவிலிருந்து ஏழாம் எண் ஐயன் மட்டையை எடுத்து, பந்தை வலமிருந்து இடமாகப் பெரிதாக வளைத்து, முன்னாலுள்ள குளத்தைத் தாண்டிக் குழியிலிருந்து ஆறடியில் நிறுத்தினார். இந்த இரண்டு ஷாட்டுகளையும் அடித்தது ஒரே கைகள். இடையே கழிந்தது அரை மணி நேரம் இருக்கலாம். கிராண்ட் ஸ்லாம் கதை எதுவும் தெரியாமல் அன்றுதான் முதன்முதலாக கோல்ஃப் பார்க்கும் ஒருவருக்கும் அந்த ஷாட் மயிர்க்கூச்செறியச் செய்திருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் அதுவே.

மறுமொழி
பதிவிட்டவர்: இரண்டாம் இடம்

ஜஸ்டின் ரோஸைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதப்பட்டிருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பெரும்பாலான கொண்டாட்டங்களில் அவர் பெயர்கூட இல்லை.

முதல் நாள் 65 அடித்து முன்னிலை வகித்தவர் அவர். மூன்றாம் நாள் 75 அடித்துச் சரிந்தவர், நான்காம் நாள் 44 வயதில் பத்து பர்டிகள் அடித்துத் திரும்பினார். இடையில் நான்கு போகிகளும் உண்டு. அவையும் அந்த ஆட்டத்தின் துணிச்சலைத்தான் காட்டுகின்றன. 17ஆம் குழியில் ஒரு ஷாட்டை இழந்தபின், 18ஆம் கிரீனில் அத்தனை தூரத்திலிருந்து புட்டை உள்ளே செலுத்தியது, அன்றைய தினத்தின் மிக உறுதியான ஷாட் என்பது என் கருத்து. 2017இலும் இதே மைதானத்தில், இதே 18ஆம் குழியில், சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் ஆட்டத்தில் செர்ஜியோ கார்சியாவிடம் அவர் தோற்றார். மாஸ்டர்ஸில் இரண்டு முறை பிளேஆஃபில் தோற்றவர் அவருக்கு முன் பென் ஹோகன் ஒருவர்தான், 1942இலும் 1954இலும். ஹோகனுக்கு 1951, 1953 ஆண்டுகளின் மாஸ்டர்ஸ் பட்டங்கள் இருந்தன. ரோஸுக்கு 2013 யுஎஸ் ஓபனும் 2016 ஒலிம்பிக் தங்கமும் உண்டு, அகஸ்டாவில் ஒன்றுமில்லை. 2024இல் ராயல் ட்ரூனில் நடந்த ஓபன் போட்டியிலும் இரண்டாம் இடமே.

அவரைப் பார்த்து இரக்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூடுதல் குழியில் மெக்கில்ராயின் புட் உள்ளே போனபின் அவர் புல்தரையில் முழங்காலிட்டு விம்மியபோது, ரோஸ் ஒதுங்கி நின்று அவருக்கு நேரம் கொடுத்து, பிறகே சென்று தழுவிக்கொண்டார். இரக்கம் கேட்கிற ஆள் அவரல்லர். ரசிகர்களிடம் நான் கேட்பது வேறு. ஒருவர் தவறவிட்டுத் தவறவிட்டு வென்றதை வீரம் என்று பாராட்டும் நாம், இன்னொருவர் துணிந்து ஆடித் தோற்றதைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். கேள்வி கேட்டவர் சொல்வது சரியே: நாம் கொண்டாடியது ஆட்டக்காரரைத்தான். அதில் தவறில்லை, ஆனால் அதை ஆட்டத்தின் மேன்மை என்று அழைக்க வேண்டியதில்லை.

ஒரே குழியில் தீர்ப்பு என்பதையும் நான் ஏற்கவில்லை. நான்கு நாள்கள், 72 குழிகள், இருவருக்கும் 277 ஷாட்டுகள். அத்தனைக்கும் பின் ஒரு குழியில் எல்லாம் முடிகிறது. யுஎஸ் ஓபனில் இரண்டு குழிகளின் கூட்டு எண்ணிக்கை, பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் ஓபனிலும் மூன்று குழிகள். மாஸ்டர்ஸ் மட்டுமே இதில் தனிவழி போகிறது.

மறுமொழி
பதிவிட்டவர்: பழைய நோட்டு

பிளேஆஃப் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை நண்பர்கள் நன்றாகவே பேசியிருக்கிறார்கள்.

நீண்ட பிளேஆஃப் நியாயமானது என்ற எண்ணம் காகிதத்தில் அழகாக இருக்கும். 1935 மாஸ்டர்ஸில் ஜீன் சாரசன் 15ஆம் குழியில் இரண்டாவது ஷாட்டையே நேராகக் குழிக்குள் அனுப்பி ஆல்பட்ராஸ் (பாரைவிட மூன்று ஷாட் குறைவு) அடித்து கிரெய்க் வுட்டைச் சமன் செய்தார். மறுநாள் 36 குழிகள் ஆடி ஐந்து ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அந்த ஒரு ஷாட்டை இன்றும் பேசுகிறார்கள்; மறுநாள் ஆடிய 36 குழிகளில் ஒன்றையேனும் சொல்லக்கூடியவர் யார்? பின்னர் மாஸ்டர்ஸில் மறுநாள் 18 குழிகள் என்ற முறை இருந்தது. 1976இல், ஒரு குழியில் முந்தியதுமே வெற்றி என்ற திடீர் முடிவு முறைக்கு மாறினார்கள்; அது முதன்முதலில் பயன்பட்டது 1979இல், ஃபஸி ஜெல்லர் வென்றபோது. இப்போது 18ஆம் குழியில் தொடங்கி, தேவைப்பட்டால் 10ஆம் குழி, மீண்டும் 18 என்று மாறி மாறி ஆடுவார்கள்.

கூட்டு எண்ணிக்கை முறையின் இன்னொரு முகத்தை 2009இல் டர்ன்பெரியில் பார்த்தோம். 59 வயதான டாம் வாட்சன் கடைசிக் குழியில் பார் அடித்திருந்தால் ஓபன் பட்டம் அவருக்கு, போகியாகிவிட்டது. அதன்பின் நடந்த நான்கு குழிப் பிளேஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் முன்னேற முன்னேற, பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முடிவு தெரிந்த வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருப்பது போல வாடிப்போயிற்று. நியாயம் கிடைத்திருக்கலாம், ஆனால் முடிவு எப்போது நிகழ்ந்தது என்றே தெரியாமல் கரைந்துவிட்டது. விதிவிலக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2008இல் டோரி பைன்ஸில் டைகர் வுட்ஸும் ராக்கோ மீடியேட்டும் திங்கட்கிழமை 18 குழிகள் ஆடியும் சமனாகி, 91ஆவது குழியில் முடிந்த யுஎஸ் ஓபனை யாரும் அலுப்பானது என்று சொல்ல மாட்டார்கள். இருந்தும் பத்தாண்டுகளில், 2018இல், யுஎஸ் ஓபனே அந்த முறையைக் கைவிட்டு இரண்டு குழிக்கு வந்துவிட்டது.

ரோஸுக்கு அநீதி நடந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். கூடுதல் குழியில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. டிரைவ் நன்று, இரண்டாவது ஷாட் பதினைந்தடி அளவில் நின்றது. மெக்கில்ராய் அதைவிட நன்றாக ஆடினார், அவ்வளவுதான். சற்று முன்பு அதே குழியில், ஏறத்தாழ அதே 125 யார்டு தொலைவிலிருந்து, அதே வகை வெட்ஜால் மணற்பள்ளமான பங்கரில் போட்டவர், இம்முறை கொடிக்கு அப்பால் பந்தை விழச் செய்து, சரிவில் பின்னோக்கி உருளவிட்டு நான்கடிக்குள் கொண்டுவந்தார். ரோஸின் புட் தவறியது. மெக்கில்ராயின் புட் தவறவில்லை. இரண்டு சிறந்த ஷாட்டுகளுள் மேலான ஷாட் பட்டத்தைத் தீர்மானித்தது என்றால், அதைவிட நியாயமான முடிவு வேறென்ன வேண்டும்? ஒருவர் பந்தைக் காட்டுக்குள் அடித்து மற்றவர் வென்றிருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு இருந்திருக்கும்.

மறுமொழி
பதிவிட்டவர்: கயிற்றுக்கு வெளியே

அகஸ்டாவில் பார்வையாளர்கள் கைபேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை என்பதை யாரும் குறிப்பிடவில்லையே. அன்றைய கூட்டத்தின் ஆரவாரம் தொலைக்காட்சியில் வேறுவிதமாக ஒலித்ததற்கு அதுவே காரணம். அங்கே இருப்பவர்களுக்கு அடுத்த குழியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, மரங்களுக்கு அப்பாலிருந்து வரும் ஒலி. மற்றொன்று, ஆள்கள் பின்னால் நின்று கையால் எண்களை மாற்றும் பெரிய ஸ்கோர் பலகைகள். ஒரு எண் அகற்றப்பட்டு, அடுத்தது செருகப்படும் வரை அந்தக் கட்டம் வெற்றாக இருக்கும். எங்கோ ஒரு குழியில் ஓடைக்குள் போன பந்து, சற்று நேரம் கழித்து வேறொரு மூலையில் நிற்கும் ஆயிரக்கணக்கானோரிடமிருந்து பெருமூச்சாக வெளிவருகிறது. ரசிகர்களின் எதிர்வினையைப் பேசுகிறோம் என்றால், நேரில் இருந்தவர்களின் எதிர்வினையும் வீட்டில் இருந்தவர்களின் எதிர்வினையும் வேறு வேறு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டில் பார்த்தவர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் துள்ளினார்கள் அல்லது தலையில் கைவைத்தார்கள்; நேரில் இருந்தவர்களுக்குச் செய்தி தவணை தவணையாகத்தான் போய்ச் சேர்ந்தது.

பெருமூச்சுக்கு வேறு காரணமும் உண்டு. 2011இல் இதே மைதானத்தில், 21 வயதில், நான்கு ஷாட் முன்னிலையுடன் கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்தவர் மெக்கில்ராய். 10ஆம் குழியில் அவர் அடித்த பந்து இடப்பக்கமாக விலகி, குடில்களுக்கு நடுவே போய் விழுந்ததை மறந்த ரசிகர் உண்டா? 2024 யுஎஸ் ஓபனில், பைன்ஹர்ஸ்டில், கடைசி மூன்று குழிகளில் இரண்டு சிறிய புட்டுகளைத் தவறவிட்டு டிசாம்போவிடம் பட்டத்தைக் கொடுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதையே ஆண்டுக்கணக்கில் பார்த்த கூட்டம், 18ஆம் கிரீனில் அந்த ஐந்தடிப் புட் தவறியபோது என்ன நினைத்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம், ஆள் என்று நீங்கள் பிரிக்கும் கோடு அந்த இடத்தில் எனக்குத் தென்படவே இல்லை. அந்தப் புட்டின் கடினமே அவருடைய பழைய கதைதான். வேறொருவருக்கு அது வெறும் ஐந்தடி.

மறுமொழி
பதிவிட்டவர்: பின்வரிசை ரசிகர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கடைசியாக எழுதிய நண்பரின் வாதம் வலுவானது. ஆயினும் முழுவதுமாக விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆளும் ஆட்டமும் பிரியாதவை என்றால், தவறுகளை நாம் எவ்வளவு விரைவில் மன்னித்துவிடுகிறோம் என்பதையும் பேச வேண்டும். 2005 மாஸ்டர்ஸில் டைகர் வுட்ஸ் 16ஆம் குழியில் அடித்த சிப் ஷாட், விளிம்பில் ஒரு கணம் நின்று உள்ளே விழுந்ததை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பின் 17, 18 இரண்டிலும் அவர் போகி வாங்கி, கிறிஸ் டிமார்கோவுடன் பிளேஆஃப் ஆட வேண்டிவந்ததை எத்தனை பேர் சொல்வார்கள்? அங்கேயும் கூடுதல் குழியில் ஒரு பர்டி எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மெக்கில்ராயின் 18ஆம் குழிக்கும் இதுவே நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மாறாக 1999 ஓபன் போட்டியில், கார்னுஸ்டியில், ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழியில் டிரிபிள் போகி வாங்கிப் பிளேஆஃபில் தோற்றார். அவரைப் பற்றிப் பேசினால் அந்தக் குழியைத் தவிர வேறெதுவும் பேசப்படுவதில்லை. அன்று வென்ற பால் லாரி பத்து ஷாட் பின்னாலிருந்து வந்தவர். அவரையும் அந்தக் குழியே மறைத்துவிட்டது. தவறு ஒன்றேதான், பிறகு பட்டம் கிடைத்தால் அதைச் சோதனை என்கிறோம், கிடைக்காவிட்டால் வீழ்ச்சி என்கிறோம்.

'பழைய நோட்டு' அவர்களிடம் ஒரு துணைக் கேள்வி. கூடுதல் ஆட்டம், மெக்கில்ராய் கடைசியாகச் சொதப்பிய அதே 18ஆம் குழியிலேயே தொடங்கியது அவருக்குச் சாதகமா, பாதகமா? அதே இடத்தில் திரும்ப நிற்க வேண்டியிருந்தது ஒரு சுமை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மறுமொழி
பதிவிட்டவர்: பழைய நோட்டு

சாதகம் என்பேன். அரை மணி நேரத்துக்குள் அதே தொலைவு, அதே வெட்ஜ், அதே கொடி. காற்றும் சரிவும் எப்படி என்பதை மட்டையே சொல்லிவிட்டது. கார்டு எழுதிக் கொடுத்துவிட்டு மீண்டும் டீக்கு (முதல் ஷாட் அடிக்கும் இடத்துக்கு) போகும் வழியில், அவருடைய சிறுவயது நண்பரும், மட்டைகளைச் சுமந்து துணைவரும் கேடியுமான ஹேரி டயமண்ட், திங்கட்கிழமை காலையில் இந்த நிலை கிடைக்கும் என்றால் நாம் ஏற்றுக்கொண்டிருப்போமே என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னதாகவும், அதுவே தம்மை நிலைக்குக் கொண்டுவந்ததாகவும் மெக்கில்ராயே பிறகு கூறினார். டயமண்டைக் குறைசொல்லியே பல ஆண்டுகள் எழுதிவந்த ரசிகர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிப்பது நல்லது. பைன்ஹர்ஸ்ட் தோல்விக்குப் பின் அவரை மாற்ற வேண்டும் என்று எழுதியவர்கள் கொஞ்சநஞ்சமல்லர்.

மறுமொழி
பதிவிட்டவர்: ஸ்கோர் அட்டை

ஒரு சிறு திருத்தத்தோடு உடன்படுகிறேன். 18ஆம் குழி சாதகம்தான், ஆனால் 17ஆம் குழி இல்லாமல் அந்தச் சாதகமும் இல்லை. 15இல் ஆறடி ஈகிள் புட் (உள்ளே போயிருந்தால் பாரைவிட இரண்டு ஷாட் குறைவு) தவறியது. 16இல் நல்ல பர்டி வாய்ப்பு தவறியது. புட்டரை நம்ப முடியாது என்பது அவருக்கே தெரிந்துவிட்ட நேரம் அது. அதற்கு அவர் கண்ட மாற்று வழி, புட் தேவைப்படாத அளவுக்கு அருகே அடிப்பது. 17இல் எட்டாம் எண் ஐயனால் அடித்துவிட்டு, பந்து காற்றில் இருக்கும்போதே "போ, போ" என்று கத்திக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார். அது இரண்டடியில் போய் நின்றது. கூடுதல் குழியிலும் அவர் செய்தது அதையேதான். ஆகவே 'இரண்டாம் இடம்' அவர்கள் சொல்வதுபோல் தவறவிட்டுத் தவறவிட்டு வென்றார் என்று எழுதினால் பாதி உண்மையே எழுதியதாகும். புட்டிங் கைவிட்ட நாளில், ஐயனையும் வெட்ஜையும் மட்டும் வைத்துக்கொண்டு வென்றார் என்று எழுதினால்தான் கணக்கு நேராகும்.

மறுமொழி
பதிவிட்டவர்: இரண்டாம் இடம்

அப்படியே எழுதுங்கள், மறுக்கவில்லை. பத்து பர்டிகளையும் அதே பத்தியில் எழுதினால் போதும்.